கேமிங் கணினிப் பட்டியலில் விடுபட்டவை

ஆசிரியருக்கு,

வணக்கம். உயர்ரக கேமிங் கணினி சேர்க்க விரும்புவோருக்காகத் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு பட்டியல் வந்திருந்தது. ஆர்டிஎக்ஸ் 5090 கிராஃபிக்ஸ் கார்டு, 16 கோர் கொண்ட ரைசன் 9 9950எக்ஸ்3டி பிராசஸர், 16 ஜிபி ரேம் நான்கு, ஜென் 5 (ஐந்தாம் தலைமுறை பிசிஐஇ) எஸ்எஸ்டி, 850 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட். தனித்தனியே எடுத்தால் ஒன்றைக்கூட மட்டமான பொருள் என்று சொல்ல முடியாது. சேர்த்து மாட்டினால்தான் சிக்கல். கணினி ஓடும், ஆனால் போட்ட பணத்துக்கு ஓடாது. கனமான விளையாட்டின் நடுவே திடீரென அணைந்துபோகவும் வாய்ப்புண்டு. அந்தப் பட்டியலை நம்பிப் பலர் வாங்கக்கூடும் என்பதால் இந்தக் கடிதம்.

பட்டியலின் முதல் வரியில் இருக்க வேண்டியது மானிட்டர். கடைசி வரியில்கூட அது இல்லை. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள், 1440பி திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். கிராஃபிக்ஸ் கார்டு ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்திலும், இத்தனை புள்ளிகளுக்கும் வண்ணம் கணக்கிட வேண்டும். பிராசஸரின் வேலையோ திரை பெரிதானாலும் சிறிதானாலும் ஏறத்தாழ ஒரே அளவுதான்: எதிரி எங்கே நிற்கிறான், சுவர் எப்படி இடிகிறது, அடுத்து எதை வரையச் சொல்ல வேண்டும் என்ற கணக்குகள். ஆகவே 5090 கார்டை 1080பி திரையில் மாட்டினால் கார்டு தன் வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு, பிராசஸர் அடுத்த ஃபிரேமை எப்போது தரும் என்று காத்துக்கிடக்கும். அதே கார்டு 4கே திரையில் மூச்சுவிட நேரமின்றி உழைக்கும்.

ஏற்கெனவே கணினி வைத்திருப்பவர்கள் தங்களுடையதில் எது தடை என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். விளையாட்டை ஓடவிட்டு, ஃபிரேம் வரம்பையும், திரையின் வேகத்தோடு ஃபிரேம்களைக் கட்டிப்போடும் வி-சிங்கையும் அணைத்துவிட்டுக் கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். 97, 98 சதவீதத்தில் நின்றால் கார்டுதான் எல்லை. 60, 70 என்று ஏறி இறங்கினால், ரெசல்யூஷனை (பிக்சல் அளவை) ஒரு படி குறைத்துப் பாருங்கள். அப்போதும் ஃபிரேம் எண்ணிக்கை கூடவில்லையா? தடை பிராசஸரிலோ ரேமிலோ இருக்கிறது. புதுக் கார்டு வாங்கி எந்தப் பயனும் இல்லை.

ஹெர்ட்ஸ் கணக்கும் (திரை விநாடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பது) முக்கியம். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. 144இல் 6.9. 240இல் 4.2. 60இலிருந்து 144க்குப் போகும்போது கிட்டத்தட்ட 10 மில்லி விநாடி மிச்சமாகிறது, அது கைக்குத் தெரியும். 144இலிருந்து 240க்குப் போவதில் மிச்சம் மூன்றுக்கும் குறைவு. கதையோட்டம் உள்ள, காட்சி அழகுக்காக ஆடப்படும் விளையாட்டுகளுக்கு 4கே நல்லது. போட்டித் துப்பாக்கி விளையாட்டுகளுக்கு 1440பியும் அதிக ஹெர்ட்ஸும் நல்லது. இரண்டையும் ஒரே திரையில் கேட்பவர்களுக்கு இப்போது 27 அங்குல 4கே 240 ஹெர்ட்ஸ் ஓலெட் திரைகள் கிடைக்கின்றன. அங்கே கேபிளைப் பார்க்க வேண்டும். டிஸ்பிளேபோர்ட் 1.4 வழியே விநாடிக்கு 25.92 கிகாபிட் தரவுதான் போகும். 4கே, 240 ஹெர்ட்ஸ், 10 பிட் வண்ணம் என்றால் சுருக்காமல் அனுப்ப 60 கிகாபிட் அளவுக்குத் தேவை. அதனால் டிஎஸ்சி என்ற சுருக்கமுறை வேலை செய்யும். கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது அரிது என்பதால் அதைக் கண்டு பயப்பட வேண்டாம். சுருக்காமலே வேண்டுமென்றால் கார்டு, மானிட்டர், கேபிள் மூன்றும் டிஸ்பிளேபோர்ட் 2.1இன் 80 கிகாபிட் வேகத்தை ஏற்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசை ஏற்கும், 40 வரிசை ஏற்காது. ஓலெட் வாங்குபவர்கள் நாள் முழுதும் அசையாத கருவிப்பட்டைகளைத் திரையில் வைத்து அலுவலக வேலையும் அதிலேயே பார்ப்பவர்களாக இருந்தால் அவற்றின் தழும்பு திரையில் நிலையாக விழும் ஆபத்தையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

திரை முடிவானால் கார்டு தானே முடிவாகிவிடும். 4கேயில் எல்லா அமைப்புகளையும் உச்சத்தில் வைத்து, ஒளிக்கதிர்களை முழுமையாகக் கணக்கிடும் பாத் டிரேசிங்கும் வேண்டும் என்றால் 5090க்கு மாற்று இல்லை. 32 ஜிபி ஜிடிடிஆர்7 நினைவகம், 512 பிட் பாதை, 575 வாட் மின்சாரம். அடுத்த படியான 5080இல் 16 ஜிபி, 360 வாட். 5070 டிஐயிலும் 16 ஜிபிதான், 300 வாட். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டியும் 16 ஜிபி, 304 வாட். 1440பி திரைக்கு 5090 பரிந்துரைப்பது வீண் செலவு என்பதே என் கருத்து; 5070 டிஐ அல்லது 9070 எக்ஸ்டி வாங்கி, மிச்சத்தை நல்ல மானிட்டரில் போடலாம். நினைவகம் நிரம்பிவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சராசரி ஃபிரேம் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது, ஆனால் திரும்பும்போதெல்லாம் படம் ஒரு கணம் சிக்கிக்கொண்டு நகரும், தூரத்துச் சுவர்கள் மங்கலாகவே நிற்கும். விமர்சனங்களில் சராசரி எண்ணை மட்டும் பார்க்காமல் மிக மெதுவாக வந்த ஃபிரேம்களைக் காட்டும் ‘1 சதவீதக் கீழ்’ எண்ணையும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஃபிரேம் ஜெனரேஷன் பற்றியும் ஒரு வார்த்தை. 50 வரிசைக் கார்டுகள் உண்மையாக வரைந்த ஒரு ஃபிரேமுக்குப் பின்னால் மூன்று ஃபிரேம்களைக்கூடத் தாமே உருவாக்கிச் செருகும். விளம்பரத்தில் 240 என்று காட்டப்படும் எண்ணில் உண்மையில் வரையப்பட்டது 60 ஆக இருக்கலாம். படம் வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் மவுஸை அசைத்ததும் கிடைக்கும் பதில் 60 ஃபிரேமுக்கு உரியதே. சற்றுக் கூடுதல் தாமதம்கூட உண்டு. அடிப்படை எண் 60ஐத் தொடாத கணினியில் இதைப் போட்டால் சேற்றில் நடப்பது போலிருக்கும். கார்டுகளை ஒப்பிடும்போது இதை அணைத்துவிட்டு எடுத்த எண்களையே ஒப்பிட வேண்டும்.

பிராசஸருக்கு வருவோம். கேமிங்குக்கு மட்டும் என்றால் 16 கோர் தேவையில்லை. 2024 நவம்பரில் வந்த ரைசன் 7 9800எக்ஸ்3டியில் 8 கோர்தான், ஆனால் 96 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்) அந்த எட்டுக்கும் பொதுவாகக் கிடைக்கிறது. விளையாட்டுக்கு வேண்டிய தரவுகளில் பெரும்பகுதி ரேம் வரை போய்த் திரும்பாமல் அருகிலேயே கிடைப்பதால்தான் இது வேகம். 9950எக்ஸ்3டியில் கோர்கள் எட்டெட்டாக இரண்டு சில்லுகளில் உள்ளன. கூடுதல் கேஷ் ஒரு சில்லில்தான் ஒட்டியிருக்கிறது. விளையாட்டு அந்தச் சில்லில் ஓட வேண்டும், மற்றது தூங்க வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்வது சிப்செட் டிரைவரும் விண்டோஸின் கேம் பாரும். டிரைவர் போடாமல் விட்டாலோ, கேம் பாரை ‘வேண்டாத சாமான்’ என்று நீக்கிவிட்டாலோ, விலை கூடிய பிராசஸர் தன் தம்பியைவிட மெதுவாக ஓடும். வீடியோ எடிட்டிங், முப்பரிமாண ரெண்டரிங் போன்ற வேலைகளும் உள்ளவர்களுக்கு 9950எக்ஸ்3டி சரி. மற்றவர்களுக்கு 9800எக்ஸ்3டி போதும்.

இன்டெல் பக்கம் போக விரும்புவோர் 13, 14ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசஸர்களைப் பழைய பொருளாக வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது. அதிக மின்னழுத்தத்தால் அவை நாளடைவில் நிலைகுலையும் சிக்கலுக்கு 2024 செப்டம்பர் வாக்கில் மைக்ரோகோடு (பிராசஸரின் உள்நிரல்) திருத்தம் வந்தது. ஏற்கெனவே சேதமானதை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. முன்பு யார் எப்படி ஓட்டினார்கள் என்பதை வெளியே பார்த்துச் சொல்லவும் முடியாது.

பட்டியலில் உள்ள பெரிய பிழைகளில் ஒன்று நான்கு ரேம். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் பார்வைக்கு அழகு, அவ்வளவுதான். ரைசன் 9000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகத் தரும் வேகம் இரண்டு டிடிஆர்5 ரேமுக்கு 5600, நான்குக்கு 3600. வேறுபாடு அவ்வளவு. நான்கைப் போட்டு 6000க்குத் தள்ளினால் சிலவற்றில் ஓடும், சிலவற்றில் கணினி எழும்பாது, வேறு சிலவற்றில் வாரத்துக்கொருமுறை காரணமே தெரியாமல் நீலத்திரை வரும். மூன்றாவது வகைதான் மோசமானது, ஏனென்றால் எல்லோரும் கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகித்துக்கொண்டிருப்பார்கள். 64 ஜிபி வேண்டுமானால் 32 ஜிபி இரண்டு வாங்க வேண்டும். விளையாட்டுக்கு மட்டும் என்றால் 16 ஜிபி இரண்டே போதும். 32 ஜிபி கொண்ட ஒரு பெட்டியை இன்று வாங்கி, அதே மாடலில் இன்னொரு பெட்டியை ஆறு மாதம் கழித்து வாங்கிச் சேர்ப்பதும் ஆபத்து; ஒரே பெயரில் உள்ளே வேறு நிறுவனத்தின் சில்லு வைத்து விற்பது சகஜம்.

வேக எண்ணோடு, ரேம் பதில் தர எடுக்கும் சுற்றுகளைக் குறிக்கும் சிஎல் எண்ணையும் பார்க்க வேண்டும். சிஎல்லை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் நானோ விநாடியில் வரும். 6000, சிஎல் 30 என்றால் 10. 6000, சிஎல் 40 என்றால் 13.3. இரண்டுக்கும் பெட்டியின் மேல் ‘6000’ என்றே பெரிய எழுத்தில் போட்டிருக்கும். இந்த ரைசன்கள் பொருந்தும் ஏஎம்5 மேடையில் 6000, சிஎல் 30 என்பதே பொன்னான இடம். 6400ஐத் தாண்டினால் பெரும்பாலும் மெமரி கண்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும், வாங்கிய வேகம் அங்கேயே கரைந்துபோகும். மதர்போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். மாட்டியபின் பயோஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்பு நிரலில்), ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியை இயக்க வேண்டும். இயக்காவிட்டால் 6000 ரேம் பெரும்பாலும் 4800இல்தான் ஓடும், ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓட்டுபவர்களும் உண்டு.

மதர்போர்டில் ஒளிவிளக்குகளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை; லேன்களின், அதாவது பிராசஸரைக் கார்டோடும் எஸ்எஸ்டியோடும் இணைக்கும் தரவுப் பாதைகளின், கணக்கைப் பார்க்க வேண்டும். ஏஎம்5 பிராசஸரிலிருந்து பயன்படுத்தக் கிடைப்பவை 24 பிசிஐஇ லேன்கள். 16 கார்டுக்கு, 4 முதல் எஸ்எஸ்டிக்கு, மீதி 4 இன்னொரு எஸ்எஸ்டிக்கோ யுஎஸ்பி4க்கோ. எக்ஸ்870இ சிப்செட் கொண்ட போர்டுகளில் யுஎஸ்பி4 கட்டாயம் என்பதால், பல போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி மாட்டியதும் கார்டின் 16 லேன் 8 ஆகக் குறைந்துவிடும். ஜென் 5இல் 8 லேன் என்பது ஜென் 4இல் 16 லேனுக்குச் சமம் என்பதால் இழப்பு சொற்பம்தான். ஆனால் தெரிந்து இழப்பது வேறு, தெரியாமல் இழப்பது வேறு. வாங்கும் முன்னரே கையேட்டைப் பதிவிறக்கி, எந்த ஸ்லாட் எதனுடன் பகிர்கிறது என்ற அட்டவணையைப் பார்த்துவிடலாம். பின்புறம் ‘பயோஸ் ஃபிளாஷ்பேக்’ பொத்தான் உள்ள போர்டாக எடுப்பது நல்லது. கிடங்கில் கிடந்த போர்டில் பழைய பயோஸ் இருந்தால் புதிய பிராசஸரை அது அடையாளம் காணாது. இந்தப் பொத்தான் இருந்தால் பிராசஸர் இல்லாமலே, ஃபேட்32 ஃபார்மேட் செய்த பென்டிரைவிலிருந்து பயோஸைப் புதுப்பிக்கலாம். கோப்பின் பெயரைக் கையேட்டில் சொன்னபடி மாற்ற வேண்டும்; பலர் தவறுவது அங்கேதான். சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் உள்ளதா என்றும் பாருங்கள். கணினி எழும்பாத நாளில் எங்கே சிக்கல் என்று அவை காட்டிவிடும்.

இனி எஸ்எம்பிஎஸ். யானை வாங்கப் பணம் இருக்கிறது, அங்குசம் வாங்க இல்லை என்பது போல, கார்டுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு இங்கே கிள்ளிக் கொடுப்பது பொதுவழக்கம். தங்கள் பட்டியலும் அதையே செய்திருக்கிறது. கார்டு 575 வாட். 9950எக்ஸ்3டி முழுச் சுமையில் சுமார் 200. மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, பம்ப், ஃபேன்கள் எல்லாம் சேர்த்து 75 முதல் 100. கூட்டினால் 850ஐத் தொடுகிறது அல்லது தாண்டுகிறது. விளையாடும்போது பிராசஸர் அந்த 200 முழுவதையும் எடுக்காது என்பது உண்மைதான். ஆனால் கார்டின் 575 என்பது சராசரி. மில்லி விநாடிக்கும் குறைவான கணங்களில் அது அதைவிட வெகு மேலே தாவும். அந்தத் தாவலில் எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்புக்காகக் கணினியை அணைத்துவிடும். நீலத்திரை வராது, எச்சரிக்கை வராது, விளக்கணைந்ததுபோல் இருக்கும். 5090க்கு என்விடியாவே சொல்லும் குறைந்த அளவு 1000 வாட். 9950எக்ஸ்3டியும் சேர்ந்தால் 1200 எடுப்பது நிம்மதி. 5080க்கு 850, 5070 டிஐக்கு 750 என்பது அதே நிறுவனத்தின் பரிந்துரை.

வாட் எண்ணுக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்ற குறிப்பு. இந்தத் தரத்தில் வந்தவை தங்கள் அளவைப்போல் இரண்டு மடங்கு மின்சாரத்தை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்க வேண்டும் என்பது விதி. மேலே சொன்ன தாவலுக்காகவே எழுதப்பட்ட விதி. 80 பிளஸ் கோல்டு, பிளாட்டினம் முத்திரைகள் வேறு. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கணினிக்குப் போகிறது என்பதை மட்டுமே அவை சொல்லும். கோல்டு என்றால் பாதிச் சுமையில் சுமார் 90 சதவீதம். மின்னோட்டம் எவ்வளவு சீராக வருகிறது, பாதுகாப்புச் சுற்றுகள் சரியான நேரத்தில் துண்டிக்கின்றனவா என்பதற்கு அந்த முத்திரை சாட்சி சொல்லாது. உத்தரவாதக் காலம் ஓரளவு சொல்லும். தயாரித்தவரே 10 ஆண்டு உத்தரவாதம் தரத் துணிந்த பொருளுக்கும் 3 ஆண்டு மட்டும் தந்ததற்கும் உள்ளே வித்தியாசம் இருக்கும்.

கார்டுக்கு மின்சாரம் தரும் 16 பின் கனெக்டரைப் பற்றித் தங்கள் கட்டுரை மூச்சுவிடவில்லை. 2022 அக்டோபரில் 4090 வந்த சில வாரங்களுக்குள்ளேயே உருகிய கனெக்டர்களின் படங்கள் பரவின. காரணம் எளிய கணக்கு. 600 வாட்டை 12 வோல்ட்டில் அனுப்ப 50 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட் செல்லும் ஆறு பின் வழியே பிரிந்து போகும்போது ஒன்றுக்கு 8.3 ஆம்பியர். ஒரு பின்னின் வரம்பே 9 ஆம்பியர் சொச்சம்தான். பழைய 8 பின் கனெக்டரில் 150 வாட்டுக்கு மூன்று பின், ஒன்றுக்கு 4.2 ஆம்பியர்கூட வராது. பழையதில் தாராளமாக இருந்த இடைவெளி புதியதில் இல்லை. பல கார்டுகளில் ஆறு வயர்களும் உள்ளே போனதும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால், இரண்டு பின் சரியாகத் தொடாவிட்டால் அவற்றின் பங்கை மற்ற நான்கும் சுமக்கும், கார்டுக்கு அது தெரியவே தெரியாது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு.

பின்னர் வந்த 12வி-2×6 என்ற திருத்த வடிவத்தில் கேபிள் செருகப்பட்டதைக் கார்டுக்குச் சொல்லும் உணர்வு பின்கள் நான்கும் குட்டையாக்கப்பட்டன. கனெக்டர் முழுதாக உள்ளே போகாவிட்டால் கார்டு மின்சாரம் எடுக்காது. இது பெரிய முன்னேற்றம், ஆனால் முழுப் பாதுகாப்பு இல்லை. செய்ய வேண்டியவை: எஸ்எம்பிஎஸ்ஸுடன் வந்த நேரடி 16 பின் கேபிளையே பயன்படுத்துங்கள். நான்கு 8 பின் அடாப்டரைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் நான்குக்கும் தனித்தனிக் கேபிள் இழுக்க வேண்டும். ஒரே கேபிளின் இரண்டு வால்களைச் செருகக் கூடாது. கொக்கி விழும் வரை அழுத்தி, டார்ச் அடித்துப் பார்த்து, இடைவெளி ஒரு மயிரிழைகூட இல்லை என்று உறுதி செய்யுங்கள். கனெக்டரிலிருந்து முதல் 35 மில்லிமீட்டர் வரை கேபிளை வளைக்காதீர்கள். அடிக்கடி கழற்றி மாட்டாதீர்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் மாட்டவே கூடாது. கார்டு பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு. எஸ்எம்பிஎஸ் பக்கம் நிறுவனத்துக்கு நிறுவனம், ஏன் ஒரே நிறுவனத்தில் வரிசைக்கு வரிசை வேறு. செருகு அளவு சரியாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகக்கூடும். எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் அந்த நொடியே போய்விடும், உள்ளிருக்கும் புகைப்படங்களோடு.

அந்த 35 மில்லிமீட்டர் கேபினட் தேர்வையும் தீர்மானிக்கிறது. பெரிய கார்டுகளின் உயரம் 140, 150 மில்லிமீட்டர் வரும். அதோடு வளையாத கேபிளின் உயரத்தையும் சேர்த்தால் பக்கக் கண்ணாடியை மூட முடியாத கேபினட்டுகள் ஏராளம். கண்ணாடியை அழுத்தி மூடினால் கனெக்டர்தான் வளையும். நீளத்திலும் ஏமாற்று உண்டு. ‘400 மில்லிமீட்டர் கார்டு வரை’ என்று போட்டிருப்பார்கள். முன்புறம் லிக்விட் கூலரின் ரேடியேட்டர் மாட்டினால் அதன் 27, ஃபேனின் 25 என 52 மில்லிமீட்டர் போய் 348தான் மிஞ்சும். நிறுவனங்கள் தாமே வடிவமைத்த 5090 கார்டுகளில் சில 350ஐத் தாண்டும். எடையும் இரண்டு கிலோவை மீறும். கீழே முட்டுக்கொடுக்காவிட்டால் ஸ்லாட் தொய்யும்.

முகப்புக் கண்ணாடி பார்க்க அழகு. ஆனால் இந்தக் கணினி விளையாட்டின்போது வெளியேற்றுவது 700, 800 வாட் வெப்பம். ஒரு சிறிய அறை ஹீட்டருக்குச் சமம். காற்று உள்ளே வர வழி வேண்டும். வலை முகப்பில் மூன்று ஃபேன் உள்ளே, பின்புறமும் மேலும் வெளியே என்பது எளிய, தவறாத ஏற்பாடு. கண்ணாடிதான் வேண்டும் என்பவர்கள் அடிப்பகுதியிலும் பக்கவாட்டிலும் காற்று இழுக்கும் கேபினட்டையாவது எடுக்க வேண்டும்.

கூலருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 9800எக்ஸ்3டிக்கு இரட்டைக் கோபுர ஏர் கூலர் போதும். உயரம் 160 மில்லிமீட்டருக்கு மேல் வரும் என்பதால் கேபினட் ஏற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 9950எக்ஸ்3டிக்கு 360 மில்லிமீட்டர் லிக்விட் கூலர் நல்லது. ரேடியேட்டரை மேலே மாட்டுவது சிறப்பு. முன்னால் மாட்டினால் குழாய்கள் கீழ்ப்புறம் வர வேண்டும், பம்ப் ரேடியேட்டரின் உச்சியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றுக் குமிழிகள் பம்பில் சேர்ந்து கரகரவென்று சத்தம் வரும், பிறகு பம்பே போகும்.

எஸ்எஸ்டியில் ஜென் 4 விநாடிக்கு 7,000 எம்பி, ஜென் 5 சுமார் 14,000. விளையாட்டு திறக்கும் நேரத்தில் இந்த இரட்டிப்பு ஓரிரு விநாடியாகத் தெரிந்தாலே பெரிது. ஜென் 4இல் டிஎல்சி வகை, 2 டிபி போதும். மிச்சத்தை எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள்.

பொருத்தும்போது நடக்கும் தவறுகளில் சில மட்டும். கூலரின் அடித்தட்டிலும் எம்.2 ஹீட் சிங்கின் பேடிலும் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பது. போர்டுக்குத் துளையே இல்லாத இடத்தில் கேபினட்டின் பித்தளைத் தாங்கியை விட்டுவைப்பது. போர்டின் பின்புறத்தை அது தொட்டு ஷார்ட் ஆகும். சிபியு 8 பின் கேபிளையும் கார்டின் 8 பின் கேபிளையும் மாற்றிச் செருகப் பார்ப்பது. முதலாவது நான்கும் நான்குமாகப் பிரியும், இரண்டாவது ஆறும் இரண்டுமாகப் பிரியும். மானிட்டர் கேபிளைக் கார்டில் மாட்டாமல் மதர்போர்டில் மாட்டிவிட்டு, ஃபிரேம் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வது. விண்டோஸ் அமைப்பில் 240 ஹெர்ட்ஸ் திரையை 60இலேயே விட்டுவைப்பது. கார்டைச் செங்குத்தாக மாட்டுபவர்கள் கார்டையும் போர்டையும் இணைக்கும் பழைய ஜென் 4 ரைசர் கேபிளில் 50 வரிசைக் கார்டை இணைத்தால் திரை கருப்பாகலாம். பயோஸில் ஸ்லாட்டை ஜென் 4 என்று நிறுத்தினால் சரியாகும்.

ஏஎம்5 கணினியை முதல்முறை இயக்கும்போது டிராம் விளக்கு எரிந்தபடியே திரை சில நிமிடங்கள் கருப்பாக இருக்கும். ரேமின் நேர அளவுகளை அது பழகிக்கொண்டிருக்கிறது. பதற்றத்தில் அணைத்து அணைத்துப் போட்டால் பழக்கம் முதலிலிருந்து தொடங்கும். ஒரு கால் மணி நேரம் விட்டுவிடுங்கள்.

திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் சோதனைகளை முடித்துவிட வேண்டும். விண்டோஸ் போடும் முன்பே மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேம் வேகத்தைக் குறைக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். பிறகு 3டிமார்க்கின் அழுத்தச் சோதனை 20 சுற்று. ஃபிரேம் சீர்மை 97 சதவீதத்துக்குக் கீழே போனால் காற்றோட்டத்தைப் பாருங்கள். கார்டையும் பிராசஸரையும் ஒன்றாக அழுத்தும் ஓசிசிடி சோதனையை ஒரு மணி நேரம் ஓட்டினால் எஸ்எம்பிஎஸ்ஸின் சாயம் வெளுத்துவிடும். 5090 வாங்கியவர்கள் ஜிபியு-இசட் நிரலில் ஆர்ஓபி (படத்தை இறுதியாக எழுதும் அலகுகள்) எண் 176 என்று இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். 2025 தொடக்கத்தில் வந்த கார்டுகளில் சிறு பங்கு 168உடன் வெளிவந்ததை என்விடியா ஒப்புக்கொண்டது. அப்படிப்பட்டவை மாற்றித் தரப்படும்.

யுபிஎஸ் வைப்பவர்கள் விஏ எண்ணை வாட் என்று எண்ணிவிடக் கூடாது. 1000 விஏ என்று எழுதிய பலவற்றில் வாட் 600தான். 800 வாட் இழுக்கும் கணினிக்கு அது மின்வெட்டு வந்த கணமே கைவிரிக்கும். இன்றைய எஸ்எம்பிஎஸ்களுக்குத் தூய சைன் அலை தரும் யுபிஎஸ்தான் ஒத்துவரும். போலி சைன் அலையில் சில எஸ்எம்பிஎஸ்கள் பேட்டரிக்கு மாறும் நொடியில் அணைந்துவிடும்.

தங்கள் பட்டியலைத் திருத்தி வெளியிட இடமிருந்தால், 4கே 240 ஹெர்ட்ஸ் மானிட்டரை முதல் வரியில் வையுங்கள். 5090 இருக்கட்டும். 9950எக்ஸ்3டியை 9800எக்ஸ்3டி ஆக்கலாம். நான்கு 16 ஜிபிக்குப் பதில் இரண்டு 32 ஜிபி, 6000, சிஎல் 30. ஜென் 5 எஸ்எஸ்டியை ஜென் 4 ஆக்கி, கண்ணாடி முகப்பை வலை முகப்பாக்குங்கள். மற்றவற்றுக்கு இடமில்லை என்றாலும் எஸ்எம்பிஎஸ் வரியை மட்டுமாவது ‘1000 வாட் முதல், ஏடிஎக்ஸ் 3.1, 12வி-2×6 நேரடிக் கேபிளுடன்’ என்று அடுத்த இதழிலேயே மாற்றி அச்சிட வேண்டுகிறேன். 850ஐ நம்பி வாங்கியவர்கள் பெட்டியின் முத்திரையைப் பிரிக்கும் முன் அதைப் பார்த்தால், மாற்றிக்கொள்ளவாவது வழியிருக்கும்.

இப்படிக்கு,
கணினி பொருத்தும் துறையைச் சேர்ந்த வாசகர்